கேட்டில் காட்ட ஒரு சீட்டு

பிப்ரவரி 11, புதன்

முதலில் ஒரு திருத்தம். என் மருமகள் ஷாலினி கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் சொல்லிவருவதுபோல நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகவில்லை. பால் பொங்கி வழிந்தது உண்மை. பாத்திரம் கரிந்ததும் உண்மை. ஆனால் நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அரை லிட்டர் பால் பொங்கி வழிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தாறு வயதில், சொந்த வீட்டில், சொந்தப் பாலைப் பொங்கவிட்டுப் பார்க்க ஒருத்திக்கு உரிமை உண்டு.

இனி நாட்குறிப்பு. ஊட்டி கான்வென்டில் மதர் அகஸ்டின் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது: தேதி முதலில், வானிலை அடுத்து, உணர்ச்சி கடைசியில், அதுவும் இடமிருந்தால்.

வானிலை: நல்ல வெயில், நிழலில் குளிர்.

என் பிறந்தநாளுக்காக மகன் அருள்நம்பி என்னை ஒரு காட்டு விடுதிக்கு அழைத்து வந்திருக்கிறான். பிறந்தநாள் நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அதைச் சொன்னேன். “அதனால என்னம்மா, லேட்டா கொண்டாடக் கூடாதா?” என்றான். வண்டியில் ஷாலினியின் கைப்பையிலிருந்து ஒரு வழவழப்பான புத்தகம் எட்டிப்பார்த்தது. பெங்களூருக்கு வெளியே முதியோருக்கென்று கட்டிய குடியிருப்பு வளாகம். அட்டையில் ஒரு கிழவரும் கிழவியும் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்து ஷாலினி அதைத் துப்பட்டாவால் மூடினாள்.

விடுதியின் பெயர் வனமௌனம். மசினகுடியைத் தாண்டி, புலிகள் காப்பகத்தின் எல்லையை ஒட்டி இருக்கிறது. மௌனத்தைக் காப்பாற்ற வரவேற்பறையில் ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் வைத்திருக்கிறார்கள். புல்லாங்குழல் கேட்காதபடி பின்னால் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். வந்தவுடன் மண்குவளையில் நன்னாரி என்று ஒன்றைக் கொடுத்தார்கள். நன்னாரியை எட்ட நின்று பார்த்த தண்ணீர்.

மேலாளர் ஜெரின் முப்பத்தைந்து வயதுக்காரர். அவரைக் குறித்துக் கவலையாக இருக்கிறது. என்னிடம் மட்டும் மிகவும் உரக்கப் பேசுகிறார். குனிந்து என் முகத்துக்கு நேரே வந்து, “அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?” என்று கேட்டார். புதன் என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார். ஒரு விடுதியை நடத்துகிறவருக்குக் கிழமை தெரியவில்லையென்றால் முன்பதிவெல்லாம் எப்படி நடக்கிறதோ.

எனக்கு ஏழாம் எண் குடில். கதவில் என் பெயரை இரண்டு அங்குல எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். குளியலறைக்கு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு விசிலும் கொடுத்தார்கள். மற்ற விருந்தினர் யார் கழுத்திலும் விசில் இல்லை. வயதுக்குக் கொடுக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

வானிலை: விடியலில் பனி. எட்டு மணிக்கு விலகிற்று.

கான்வென்ட் மணி ஐந்துக்கு அடிக்கும். அறுபது ஆண்டுகளாகியும் எனக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. 5.40-க்கு என் குடிலின் பால்கனியில் நின்றேன். கீழே யானை அகழி. அகழிக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டை, குட்டையின் கரையில் ஒரு பாறை. சமையலறைச் சட்டை போட்ட ஒருவன் பலகையைப் போட்டு அகழியைத் தாண்டினான். தோளில் சாக்கு. பாறையடியில் சாக்கைக் கவிழ்த்து, கம்பால் சேற்றோடு சேர்த்துக் கிளறிவிட்டுத் திரும்பி வந்தான். பலகையையும் எடுத்துவிட்டான். 5.52.

ஏழு மணிக்கு ஜீப்பில் காட்டுக்குள் அழைத்துப் போனார்கள். எங்களுக்கு விலங்கு காட்டுகிறவர் வருண் என்கிற இளைஞர். தொப்பி மிக நன்றாக இருந்தது. மூன்று மணி நேரத்தில் ஒரு மயிலின் பின்பக்கத்தையும், பத்துப் பதினைந்து மான்களையும், எங்களைப் போலவே வந்த எட்டு ஜீப்புகளையும் பார்த்தோம். முன் இருக்கையில் இருந்த ஹைதராபாத் தம்பதி புலியைப் பார்த்துவிட்டதாக நம்பத் தீர்மானித்திருந்தார்கள். நான் கலைக்கவில்லை.

மதியம் பூசணிக்காய் சூப். உப்பில்லை. கோஸ் பொரியலில் உப்பில்லை. ஆரோக்கிய உணவாம். உப்பு கேட்டேன். பரிமாறுகிறவர் என் மகனைப் பார்த்தார். என் மகன் தலையை அசைத்தான். உப்பு வரவில்லை.

சாயங்காலம் டெக் என்று சொல்கிற மரத்தளத்தில் எல்லோரையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். சரியாக ஆறு மணிக்கு மான்கள் வந்தன. ஆறேகாலுக்குக் காட்டெருமை. ஆறரைக்கு யானைகள், நான்கு பெரியவை, ஒரு குட்டி. பாறையடிச் சேற்றைக் காலால் கிளறி, தும்பிக்கையால் வாரிப் போட்டுக்கொண்டன.

“இது இயற்கையான மினரல் மண்ணுங்க மேடம்,” என்றார் வருண். “ஆயிரக்கணக்கான வருஷமா இந்த இடத்துக்கு வந்துட்டிருக்கு.”

“தினமும் ஆறு மணிக்கா?”

“அதுதாங்க மேடம் காட்டோட கடிகாரம்.”

காட்டின் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவனைக் காலையில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு தடவை பார்த்ததை வைத்துப் பேசக்கூடாது. தவிரவும் சனிக்கிழமை விடுதியின் முதலாளி வருகிறாராம், எல்லா விருந்தினர் முன்னாலும் பேசுவாராம். நோட்டோடும் நேரக் குறிப்போடும் எழுந்து நிற்க அதுவே சரியான சமயம். எனக்கு உப்பு மறுத்தவர்கள் காட்டெருமைக்குச் சாக்கு சாக்காகப் போடுகிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவர்கள் இடவேயில்லை, ஆகவே எனக்கு ஒரு கடமையும் இல்லை.

குடிலைச் சுத்தம் செய்ய வருகிறவள் பெயர் மசினி. நாற்பது வயதிருக்கும். இந்தப் பக்கத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரிக்கத் தெரிந்த ஒரே ஆள். உரக்கப் பேசாத ஒரே ஆளும்கூட.

“யானை தினம் வருமா?” என்று கேட்டேன்.

“முன்னெல்லாம் வேனக்காலத்துல ஒருக்கா ரெண்டுக்கா வருங்கம்மா. இந்த ரெண்டு வருசமா தெனமும் இங்கதான் கெடக்குது. எங்க ஊருக்குப் போற வழியே அந்தக் குட்டை ஓரமாத்தான். கால் மணி நேரத்துல வீடு. இப்ப யாரும் அதுல போறதில்லீங்க. மெயின் கேட்டு வழியாப் போயி ரோட்டுல சுத்தணும்.”

“ஏன் தினம் வருகிறது?”

தலையணை உறையைச் சீராக்கிக்கொண்டே சிரித்தாள். “உப்பப் போட்டா வராம என்னங்கம்மா செய்யும்? நாங்க மாட்டக் கூப்பிடறதே அப்படித்தானே.” பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள். “நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க.”

“நீ சொல்லவில்லை. நானே பார்த்தேன். சனிக்கிழமை வரை பொறு.”

“சனிக்கெழம என்னங்கம்மா?”

“பார்.”

பிப்ரவரி 13, வெள்ளி

வானிலை: பனி இல்லை.

5.42. அதே ஆள், அதே சாக்கு.

இன்னொரு திருத்தமும் தேவைப்படுகிறது. நான் மண் தின்னவில்லை. ருசி பார்த்தேன். காலை பத்து மணிக்கு, யானை எதுவும் இல்லாதபோது, அகழி ஓரமாக நடந்து போனேன். என் பின்னால் எப்போதும் ஒரு காவலாளி இருபதடி தள்ளி வருகிறார். எதற்கு என்று கேட்டால் வானத்தைப் பார்க்கிறார். அகழிக்கு இந்தப் பக்கம் பலகை வைக்கிற இடத்தில் சாக்கிலிருந்து சிந்தியது கிடந்தது. விரலால் எடுத்து நாக்கில் வைத்தேன். கல்லுப்பு. சந்தேகமே இல்லை.

பதினொரு மணிக்கு அருள்நம்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தான். அவன் அப்பாவும் கெட்ட செய்தி சொல்லவரும்போது இப்படித்தான் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்காருவார்.

“அம்மா, மண்ணை எடுத்து வாயில போட்டீங்களாமே.”

“உப்பு.”

“என்னது?”

“அது உப்பு, அருள். மண்ணில் கலந்த உப்பு.”

“சரிம்மா,” என்றான். அவன் ‘சரிம்மா’ என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள். என்னை நம்பினான் என்று பொருள் இல்லை. வாசலில் ஷாலினியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். அந்த வழவழப்புப் புத்தகத்தின் பெயர் காதில் விழுந்தது.

மாலை 4.40. மசினி வந்து போனாள். எனக்கு வைத்த பழக்கூடை அப்படியே இருக்கிறது. அவளுடைய பெண் ஒன்பதாவது படிக்கிறாளாம். பழங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தயங்கினாள்.

“கேட்டுல பைய அவுத்துப் பாப்பாங்கம்மா. விருந்தாளிக குடுத்ததுன்னா அவங்க கையால எழுதுன சீட்டு இருக்கணும். இல்லீன்னா திருட்டுன்னு எழுதிருவாங்க.”

நல்ல விதி. இங்கே நான் கண்ட ஒரே ஒழுங்கான விதி. விடுதியின் குறிப்புத் தாளில் உடனே எழுதினேன். அவள் பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு, ஐந்தாம் குடிலையும் முடித்துவிட்டு வந்து சீட்டை வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அதற்குள் அதை இங்கே படியெடுத்து வைக்கிறேன். எதையும் படியெடுக்காமல் கைவிடக்கூடாது என்பது என் வழக்கம்:

‘13.2.26, வெள்ளி, மாலை 4.35. ஏழாம் எண் குடிலில் எனக்கு வைத்த கூடையிலிருந்து ஆறு மலைவாழைப்பழமும் இரண்டு ஆரஞ்சும் பணியாளர் மசினிக்கு நானாக விரும்பிக் கொடுத்தேன். இந்திராணி சபாநாயகம்.’

ஷாலினி கூப்பிடுகிறாள். டெக்கில் தேநீராம். மறக்காமல் சால்வை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். நான் எப்போது சால்வையை மறந்தேன்?

பிப்ரவரி 14, சனி, காலை

வானிலை: தெரியவில்லை. கவனிக்கவில்லை.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாலை ஐந்தே முக்காலுக்கு டெக்கில் உட்கார்ந்திருந்தேன். பணியாளர்கள் விருந்தினர் நேரத்தில் டெக்குக்கு வரக்கூடாது. மசினி கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்த்து இடது உள்ளங்கையில் வலது கை விரலால் எழுதுவதுபோல் காட்டினாள். நான் நாட்குறிப்பு எழுதுகிறவள் என்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் வேடிக்கையாகக் கேட்கிறாள் என்று சிரித்துத் தலையாட்டினேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஆறரைக்கு யானைகள் வந்தன. குட்டி முன்னால். எல்லோரும் செல்போனை உயர்த்தினார்கள். அப்போது குட்டைக்கு வலப்புறம், பழைய வழியில், மசினி வந்தாள். கையில் துணிப்பை. குனிந்து, வேகமாக, அகழியை ஒட்டியே நடந்தாள். குட்டியின் தாய் திரும்பியது. சத்தம்கூடப் போடவில்லை. தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தது. மசினி பையைப் போட்டுவிட்டு அகழிக்குள் குதித்தாள். அகழி பத்தடி ஆழம். யானை விளிம்பில் நின்று காலால் மண்ணைத் தள்ளியது. பிறகு பழங்களைத் தின்றுவிட்டுப் போயிற்று.

ஹைதராபாத்காரர் முழுவதையும் படம் எடுத்தார். வருண், “அமைதி, அமைதி,” என்று விருந்தினர்களைத்தான் அடக்கினார். நான் விசிலை ஊதினேன். மூன்று நாளில் அதற்கு ஒரு வேலை வந்தது. ஊதிய பிறகுதான் ஆட்கள் ஏணி எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. கூடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

இன்று காலை 5.40. அதே ஆள், அதே சாக்கு. இன்று காதலர் தினம், விடுதி நிறையக் கூட்டமாம்.

பிப்ரவரி 14, சனி, மதியம்

அலுவலக அறைக்குப் போனேன். அருள்நம்பியும் ஷாலினியும் கூடவே வந்தார்கள். ஜெரின் எழுந்து நின்று நாற்காலி போட்டார். இன்று கிழமை கேட்கவில்லை. மேஜையில் வனத்துறைக்கு அனுப்பவேண்டிய அறிக்கை தட்டச்சாகி இருந்தது. படித்தேன். பணியாளர் மசினி விருந்தினர் அறையிலிருந்து பழங்களைத் திருடியதாகவும், கேட்டில் பிடிபட்டதும் தடைசெய்யப்பட்ட பின்வழியில் போனதாகவும், பழ வாசனைக்கு யானை வந்ததாகவும், அவள் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகவும், அவள் காயத்துக்கு விடுதி பொறுப்பல்ல என்றும் இருந்தது.

“பழத்தை நான் கொடுத்தேன்,” என்றேன். “சீட்டும் எழுதிக் கொடுத்தேன்.”

“அம்மா, கேட்டுல சீட்டு வரலையே,” என்றார் ஜெரின், முன்பைவிட உரக்க.

“கொடுத்தேன் என்கிறேனே.”

அருள்நம்பி என் தோளில் கை வைத்தான். “அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குடுத்தீங்களா, குடுக்கணும்னு நினைச்சீங்களா?”

இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பிறகு உப்பைச் சொன்னேன். தேதி, மணி, சாக்கு, பலகை எல்லாம் சொன்னேன். ஜெரின் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மகனிடம், என்னிடமல்ல, நீட்டினார். “சார், நீங்களே எழுதிக் குடுத்ததுதானே. நாங்க மேடத்தைக் குறை சொல்லலை.”

நான் குறுக்கே கை நீட்டி வாங்கினேன். முன்பதிவுப் படிவம். விருந்தினர் குறித்த சிறப்புக் குறிப்பு என்ற கட்டத்தில் என் மகனின் கையெழுத்து: ‘அம்மாவுக்கு ஞாபகக் குறைவு தொடங்கியிருக்கிறது. தனியே வெளியே போகவிடாமல் கவனிக்கவும். உப்பு குறைக்கவும். தினமும் தேதி, கிழமை கேட்டுப் பார்த்து எனக்குத் தெரிவிக்கவும்.’

அவன் கையெழுத்தை ஒன்றாம் வகுப்பில் நான்தான் திருத்தினேன். இப்போதும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருக்கிறது.

வெளியே வந்ததும் சொன்னான்: “அம்மா, நீங்க வனத்துறைக்கு எழுதினா அவங்க இந்தப் பேப்பரைக் காட்டுவாங்க. டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாங்க. அது என்னன்னு வரும்னு எனக்குத் தெரியாது. வந்துட்டா நீங்க தனியா இருக்கறதைப் பத்தி நான் முடிவெடுத்தே ஆகணும். இதை விட்டுடுங்க. நாளைக்குக் காலைல கிளம்பி நேரா கோயம்புத்தூர். அந்த பெங்களூர் இடத்தைப் பத்தி இனி நானா பேசமாட்டேன். சத்தியமா.”

ஷாலினி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

பிப்ரவரி 14, சனி, மூன்று மணி

பால் விஷயமாக என்ன எழுதினேன் என்று பார்க்கப் புதன்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். சீட்டு அங்கே இருந்தது.

பிப்ரவரி 14, சனி, மாலை

வானிலை: வெயில். லேசான காற்று.

டெக்கில் சிவப்பு இதய பலூன்கள் கட்டியிருந்தார்கள். காட்டின் எல்லையில் நூற்றைம்பது பலூன். முதலாளி வந்திருந்தார். வெள்ளைக் கதர் அணிந்து, காட்டிடம் நாம் எதையும் எடுத்துக்கொள்ளக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்று இருபது நிமிடம் பேசினார். ஆறு மணிக்கு மான்கள் வந்து அவர் சொன்னதை உறுதி செய்தன. எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நிற்கவேண்டிய சமயம் அது. எழவில்லை.

சூப் இன்று பீட்ரூட். இதய வடிவத்தில் ஒரு ரொட்டித் துண்டு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்வார்கள். தின்றேன்.

சீட்டு மிகச் சிறிய தாள். நான்காக மடித்தால் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அடியில் போய்விடும். எட்டாக மடித்தால் குளியலறைத் தண்ணீரில் போய்விடும். அது இல்லாவிட்டால் மசினி திருடி, நான் பாவம். அது இருந்தால் மசினி திருடி இல்லை, நான் மறந்தவள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று நெடுநேரம் யோசித்தேன். மதர் அகஸ்டின் எங்கள் விடைத்தாளைத் திருத்தும்போது, சரி அல்லது தவறு இரண்டில் ஒன்றைத்தான் போடுவார். ஓரத்தில் பாவம் என்று எழுதியதே இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

வானிலை: மேகம்.

எட்டு மணிக்குப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். கூடலூர் வழியாகப் போகச் சொன்னேன். அருள்நம்பி, “அது சுத்தும்மா,” என்றான். ஷாலினி முன் இருக்கையிலிருந்து திரும்பாமல், “சுத்துனா என்ன, போலாம்,” என்றாள். போனோம்.

ஆஸ்பத்திரியில் மசினியின் காலை எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவள் பெண். பள்ளிச் சீருடையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏன் சீருடை என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

“வாங்கம்மா,” என்றாள் மசினி. கோபம் இல்லை. அதுதான் சிரமமாக இருந்தது. “கீழ நின்னு சீட்டு கேட்டேனேம்மா. எழுதுற மாதிரி காட்டுனேன். நீங்க தலையாட்டுனீங்க. கேட்டுக்குக் குடுத்து விட்டுட்டீங்கன்னு நெனச்சுப் போனேன். சீட்டு இல்ல, பழத்த வெச்சுட்டுப் போன்னாங்க. புள்ளகிட்ட போன்ல சொல்லிட்டேன், பழம் கொண்டாறேன்னு. அதான் பலகையப் போட்டுப் பின்வழியா…”

“நான் மறந்துவிட்டேன்,” என்றேன்.

அறையில் அருள்நம்பியும் ஷாலினியும் இருந்தார்கள். தெளிவாகவே சொன்னேன். நோட்டிலிருந்து சீட்டை எடுத்து மசினியின் கையில் கொடுத்தேன். அவள் படிக்கத் தெரியாமல் பெண்ணிடம் நீட்டினாள். பெண் உரக்கப் படித்தாள். ‘நானாக விரும்பிக் கொடுத்தேன்’ என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“இதை நான் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது,” என்றேன். “அனுப்பவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.”

“சனிக்கெழம பாருன்னீங்களேம்மா,” என்றாள் மசினி. “அது என்னங்க?”

அதற்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால், வியாழக்கிழமையே தெரிந்திருந்தும் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன் என்று சொல்லவேண்டும். கீழே எழுதியிருக்கிறேன்.

வண்டியில் என் மடிமேல் வைத்தே கடிதத்தை எழுதினேன். எழுத்து கோணிற்று, சாலை மோசம். முடித்ததும் ஷாலினி கேட்டாள், கொடுத்தேன். பாலைப் பற்றிய இடத்தை இரண்டு முறை படித்தாள்.

“எனக்குத் தெரியும் அத்தை. அன்னைக்கு நாங்க வந்திருந்தப்ப அடுப்பை அணைச்சதே நான்தானே. நீங்க கிச்சன்ல இல்லவே இல்ல.”

“பிறகு ஏன் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை? ஊருக்கெல்லாம் சொன்னாயே.”

“ஊருக்குச் சொல்றது சுலபம்,” என்றாள். “உங்ககிட்டச் சொல்லணும்னா முதல்ல இலக்கணத்தைத் திருத்துவீங்க.”

அருள்நம்பி சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது. மேட்டுப்பாளையத்தில் தபால் நிலையம் ஞாயிறு என்பதால் மூடியிருந்தது. நாளை பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். கடிதத்தின் படி:

பெறுநர்: புலிகள் காப்பகத்தின் பொறுப்பு வன அலுவலர் அவர்கள்.

ஐயா,

வனமௌனம் விடுதியில் பிப்ரவரி 13 மாலை யானை விரட்டி, பணியாளர் மசினி அகழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டது குறித்து உங்களுக்கு ஓர் அறிக்கை வந்திருக்கும். அதில் அவள் பழம் திருடியதாக இருக்கிறது. பழத்தை நான் கொடுத்தேன். அதற்கான சீட்டு, நாளும் நேரமும் என் கையெழுத்தும் உள்ளது, இணைத்திருக்கிறேன். அவள் கேட்டில் அதைக் காட்ட முடியாமல் போனதற்குக் காரணம், எழுதி முடித்த நான் அதை நோட்டுக்குள் வைத்து மறந்ததே. அவள் வந்து கேட்டும் எனக்கு நினைவு வரவில்லை. அதனால்தான் அவள் குட்டை வழியே போனாள்.

அந்தக் குட்டைக்கு யானைகள் தினமும் வருவது தானாக அல்ல. 12, 13, 14 தேதிகளில் காலை 5.40, 5.42, 5.40 மணிக்கு விடுதியின் ஆள் ஒருவர் பாறையடியில் சாக்கு நிறையக் கல்லுப்பு கொட்டிக் கிளறியதைப் பார்த்தேன். சிந்தியதை ருசித்தும் பார்த்தேன். மூன்றாவது முறை கொட்டியது, அந்தப் பெண் விழுந்த மறுநாள் காலை. முதல் முறை பார்த்த அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் சொல்லிப் பெயர் வாங்குவதற்காகச் சனிக்கிழமைவரை வைத்திருந்தேன். இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

விடுதியார் எனக்கு ஞாபகக் குறைவு என்பார்கள். என் மகன் கைப்பட எழுதிய தாளையும் காட்டுவார்கள். அதில் உள்ளது ஓரளவு சரி. போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன். நான் சமையலறையில் இல்லை. கூடத்தில் என் கணவருடைய மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என் நாட்குறிப்பின் பக்கங்களை நகலெடுத்து இணைக்கிறேன். முதல் பக்கத்தில் பாலைப் பற்றி எழுதியிருப்பது பொய். மற்றவை நடந்த அன்றோ மறுநாள் காலையோ எழுதியவை. பாலை மறந்தேன், சீட்டை மறந்தேன். உப்பை மறக்கவில்லை. பாறையடி மண்ணை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு என் ஞாபகமே தேவைப்படாது.

மசினியின் மேல் உள்ள திருட்டுப் பழியை நீக்கவும், அவளை மீண்டும் வேலையில் சேர்க்கவும் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். முகவரி உறையின் பின்பக்கம் உள்ளது. ஒருவேளை அதற்குள் நான் வேறிடம் போயிருந்தால், என் மருமகள் கொண்டுவந்து தருவாள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். நான் தவறாகக் கேட்டேன் என்பார்கள், அல்லது கேட்டதை மறந்தேன் என்பார்கள்.

எழுத்தில் பதில் அனுப்பவும்.

இந்திராணி சபாநாயகம்